ஆட்டுக்குப் பூச்சி மருந்து: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். மாரி தொடங்கி ஒரு மாதம் போனால், காலையில் வாசலுக்கு வருபவர்களில் பாதிப்பேரின் கையில் வெறும் மருந்துப் போத்தல் இருக்கும். "போன முறையும் இதைத்தான் பருக்கினது டொக்டர். இந்த முறை கேட்கேல்லை." இந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் இருக்கும் விஷயங்களை நின்ற நிலையில் சொல்லி முடிக்க இயலாது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மாதம் ஒருக்கா எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து பருக்கிறனான். அது நல்லதுதானே?

நல்லதல்ல. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பழக்கம்தான் மருந்தைச் சாகடிக்கிறது. ஒரு பட்டியில் உள்ள புழுக்களில் பெரும்பங்கு 20 முதல் 30 சதவீத ஆடுகளின் வயிற்றிலேயே இருக்கும். பத்து ஆடு நின்றால் இரண்டு மூன்று ஆடுகள்தான் உண்மையில் புழுவைச் சுமக்கின்றன. மற்றவை கொஞ்சப் புழுவோடு சுகமாகவே வாழும். எல்லாவற்றுக்கும் பருக்கும்போது, மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே மிஞ்சிப் பெருகுகிறது. தேவையான ஆட்டைத் தேடிப் பிடித்து, அதற்கு மட்டும், சரியான அளவில் கொடுங்கள். கீழே சொல்பவை பெரும்பாலும் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவைதான்.

எந்தப் புழு இது? ஆட்டின்ரை வயித்துக்குள்ளை எங்கை இருக்குது?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆட்டின் வயிறு நான்கு அறைகளாக இருக்கிறது. இடப்பக்கம் முழுவதையும் பிடித்திருப்பது முதலாவது, பெரிய இரைப்பை. குழை, புல் எல்லாம் அதில் ஊறிப் புளித்து, அசைபோட மேலே வரும். இரண்டாவதன் உட்சுவர் தேன்கூடு மாதிரி. கம்பி, ஆணி விழுங்கினால் பெரும்பாலும் அங்கேதான் தங்கும். மூன்றாவது புத்தகத்தின் தாள்கள் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நான்காவதுதான் நம்முடைய வயிறு மாதிரி அமிலம் சுரக்கும் உண்மையான இரைப்பை. நம் ஆடுகளைக் கொல்லும் புழு இந்த நான்காவதில் குடியிருக்கிறது. ஹீமோங்கஸ் என்று பெயர்.

அதைக் கண்ணால் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. ஊரில் பங்கு இறைச்சிக்கு ஆடு அடிக்கும்போது நான்காவது இரைப்பையைக் கேட்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு மெல்ல அலசிப் பாருங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில், தையல் நூல் தடிப்பில், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய புழுக்கள் நெளியும். சிவப்பு அது குடித்த இரத்தம். அதைச் சுற்றிக் கிடக்கும் வெள்ளை அதன் முட்டைக் குழாய். ஒரு முறை அதைப் பார்த்தவர், வெளிறிய கண்ணோடு நிற்கும் ஆட்டை "மழைக் குளிர்" என்று சொல்லி விட்டுவிட மாட்டார்.

ஒரு புழு நாளுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர் இரத்தத்தை எடுக்கும். சின்ன அளவுதான். ஆயிரம் புழு இருந்தால் அது 50 மில்லிலீற்றர். 10 கிலோக் குட்டி ஒன்றின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே 700 மில்லிலீற்றர் அளவில்தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெண் புழு ஒன்று நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு நிலத்தில் விழும் முட்டை, ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் பொரித்து, தொற்றக்கூடிய குடம்பியாகி, பனி நனைத்த புல்லில் ஏறி நிற்கும். ஆடு அதைத் தின்று மூன்று வாரத்தில் புதிய முட்டை வெளியே வரத் தொடங்கும்.

ஆட்டிலை புழு கூடியிருக்கெண்டு வீட்டிலையே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணைப் பாருங்கள். தென்னாபிரிக்காவில் செம்மறி வளர்ப்பவர்களுக்காக உருவாக்கி, இன்று உலகம் முழுவதும் பாவிக்கும் முறை இது. ஃபமாச்சா என்று பெயர். அதைத் தொடங்கிய மிருக வைத்தியர் ஃபாஃபா மலானின் பெயரிலிருந்து வந்த சொல்.

ஆட்டை வெளிச்சத்தில் நிறுத்துங்கள். கொட்டிலின் இருட்டில் பார்க்க வேண்டாம். மேல் இமையைக் கட்டைவிரலால் கண்மேல் மூடி மெல்ல அமத்தி, மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உள் தோல் வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்த நிறத்தை உடனே பாருங்கள். நேரம் போனால் நிறம் மாறிவிடும். நல்ல சிவப்பென்றால் 1, இளஞ்சிவப்பென்றால் 3, கடதாசி வெள்ளையென்றால் 5. முதல் இரண்டு நிலைக்கும் மருந்து வேண்டாம். 4, 5 என்றால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். 3 என்றால் குட்டி, சினை மறி, மெலிந்த ஆடு ஆகியவற்றுக்குக் கொடுங்கள், மற்றவற்றை அடுத்த வாரம் திரும்பப் பாருங்கள்.

மாரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கோடையில் மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். பத்து ஆட்டுக்குக் கால் மணித்தியாலம் போகாது. இரத்தம் குடிக்கும் புழுவைத்தான் இந்த முறை காட்டும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். கழிச்சலோடு மெலிகிற, ஆனால் கண் சிவந்திருக்கிற ஆட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

நாடிக்குக் கீழை பை மாதிரி வீங்கியிருக்கு. ஆடு கழியேல்லை. அப்ப பூச்சி இல்லைத்தானே?

பூச்சிதான், அதுவும் முற்றிய நிலை. ஹீமோங்கஸ் பொதுவாகக் கழிச்சலைத் தராது. இரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் நீர் கசிந்து, தலையைக் குனிந்து மேயும் ஆட்டின் நாடிக்குக் கீழே தேங்குகிறது. பின்னேரம் கூடி, காலையில் குறைந்திருக்கும். "காலைமை வத்திப் போச்சு" என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அந்த ஆட்டை ஓட விடாமல், நடத்திக் கூட்டிக்கொண்டு வராமல், நிழலில் கட்டி வைத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். இரத்தம் குறைந்த ஆடு ஓடினால் விழுந்து செத்துவிடும். மருந்தோடு எள்ளுப் பிண்ணாக்கு, இப்பில் இப்பில் குழை போன்ற புரதத் தீனும் வேண்டும்.

ஒரு ஆட்டுக்கு ஒரு மூடி எண்டு குடுக்கிறம். அளவு சரியோ?

25 கிலோ நாட்டு மறிக்கும் 60 கிலோ ஜமுனாபாரிக் கலப்புக் கிடாய்க்கும் ஒரே மூடி எப்படிச் சரியாகும்? நிறையைத் தெரிந்துகொள்ளத் தராசு வேண்டியதில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தை அளவுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,838 ஆல் பிரித்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 70, நீளம் 62 என்றால் 28 கிலோ.

இன்னொரு விஷயத்தைப் பலர் அறியவில்லை. ஆட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியை விட வேகமாக உடைத்து வெளியேற்றும். அதனால் செம்மறிக்கென்று போத்தலில் எழுதிய அளவு பல மருந்துகளில் ஆட்டுக்குப் போதாது. எவ்வளவு கூட்டுவது என்பது மருந்துக்கு மருந்து வேறு. லெவமிசோல் போன்றதில் அளவு கூடினால் ஆபத்தும் உண்டு. எனவே நிறையை அளந்து எழுதிக்கொண்டு வைத்தியரிடம் கேளுங்கள். பாமசியில் "ஆட்டுக்கு ஒண்டு தாங்கோ" என்று வாங்கி ஊகத்தில் கொடுக்காதீர்கள்.

மருந்து பருக்கேக்கை ஆடு இருமுது. என்ன பிழை?

தலையைத் தூக்கிப் பிடிப்பதுதான் பிழை. வாய் வானத்தைப் பார்த்தால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போகும். நான் படிக்கும் காலத்தில் லீவில் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கறுப்பு மறிக்கு அவசர அவசரமாக அப்படிப் பருக்கினேன். மூன்றாம் நாள் மூச்சு இரைத்து, ஐந்தாம் நாள் செத்தது. வயிற்றில் இரண்டு குட்டி. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு ஆட்டின் தலையையும் முதுகு மட்டத்துக்கு மேல் நான் தூக்கியதில்லை.

ஊசி இல்லாத சிறிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாக விட்டு, நாக்கின் பின்பக்கத்தில் மெல்ல அமத்துங்கள். நாக்கின் நுனியில் விட்டால் துப்பிவிடும். அதுமட்டுமல்ல, ஆட்டின் வயிற்றில் ஒரு வாய்க்கால் உண்டு. குட்டி பால் உறிஞ்சும்போது அது மூடிக் குழாயாகி, பாலை முதல் மூன்று அறைகளையும் தாண்டி நேரே நான்காவதுக்குக் கொண்டுபோகும். வாயின் முன்பக்கத்தில் மருந்து பட்டாலும் சில வேளை அந்த வாய்க்கால் மூடிவிடும். அல்பெண்டசோல் போன்ற வெள்ளை மருந்துகள் பெரிய இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கலந்தால்தான் நன்றாக வேலை செய்யும். நேரே நான்காவதுக்குப் போனால் சீக்கிரம் கழிந்துவிடும்.

முந்தி வேலை செய்த மருந்து இப்ப கேட்கேல்லை. மருந்து போலியோ?

போலியாக இருக்கலாம், காலாவதியாக இருக்கலாம், அளவு குறைந்திருக்கலாம். ஆனால் அதிகம் நடப்பது புழு மருந்தைத் தாங்கப் பழகிவிடுவது. இது உலகம் முழுவதும் நடந்த கதை. முதல் வெள்ளை மருந்தான தையபெண்டசோல் 1961இல் வந்தது. சில வருடங்களுக்குள்ளேயே அதற்குச் சாகாத ஹீமோங்கஸ் செம்மறிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர்மெக்டினை எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் எடுத்த ஒரு பிடி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து. அதைக் கண்டெடுத்த சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் கம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு மருந்தை அரை மூடி, கால் மூடி என்று கொடுத்து நாம் வீணாக்குகிறோம் என்று நினைக்க எனக்கு மனம் நோகிறது. ஆட்டுக்குப் பாவிக்கக் கூடிய மருந்துக் குடும்பங்கள் நம் கைக்கு எட்டும் அளவில் மூன்றே மூன்றுதான்: வெள்ளை மருந்துகள், லெவமிசோல், ஐவர்மெக்டின் வகை. ஒரே குடும்பத்தில் பெயர் வேறான இரண்டு போத்தலை மாற்றி மாற்றிக் கொடுப்பது மாற்றம் ஆகாது. லேபலில் மருந்தின் உட்பெயரைப் பாருங்கள்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி புழுக்கைச் சோதனை. புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டை மிதந்து மேலே வரும். கட்டம் கீறிய கண்ணாடியில் வைத்து எண்ணுவோம். 1939இல் அவுஸ்திரேலியாவின் மக்மாஸ்டர் ஆய்வுகூடத்தில் வந்த முறை, இன்றும் அதுதான். மருந்து கொடுக்கும் நாளிலும், 10 முதல் 14 நாளுக்குப் பிறகும் எண்ண வேண்டும். முட்டை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

சந்தையில் புதிய ஆடு வாங்கினால், அதோடு மருந்துக்குச் சாகாத புழுவையும் வாங்கியிருக்கலாம். இரண்டு வாரம் புறம்பாகக் கட்டி, வைத்தியரிடம் காட்டிவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

மருந்தில்லாமல் புழுவைக் குறைக்க வழி இருக்கோ?

இருக்கிறது. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததுதான் அது. கொக்கத்தடியால் குழை வெட்டி, கட்டாகக் கட்டி, ஆடு எட்டித் தின்னும் உயரத்தில் தூக்கிவிடுவது. குடம்பி நிலத்திலிருந்து சில அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் ஏறாது. வேலியில் நிற்கும் பூவரசு, சீமைக்கிளுவை, முள்முருக்கு, கிணற்றடியில் நிற்கும் பலா, இவற்றின் குழையில் அந்தப் புழு இல்லை. ஆடு இயல்பிலேயே அண்ணாந்து குழை தின்னும் மிருகம். குனிந்து புல் மேயும் செம்மறிக்கு வயது ஏற ஏறப் புழுவை எதிர்க்கும் பலம் வளரும், ஆட்டுக்கு அது அவ்வளவு வளர்வதில்லை. கிடுகு வேலியும் குழை வேலியும் போய் மதில் வந்த வீடுகளில் ஆடுகள் இன்று கட்டையில் கட்டி மேய்கின்றன. அந்த வீடுகளிலிருந்துதான் வெள்ளைக் கண் ஆடுகள் எனக்குக் கூடுதலாக வருகின்றன. மதில் கட்டினாலும் உட்பக்கமாக ஒரு வரிசை சீமைக்கிளுவைத் தடி நட்டுவிடுங்கள்.

கட்டி மேய்ப்பதாக இருந்தால் கட்டையை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். பனி காயுமுன் அவிழ்க்க வேண்டாம், வெயில் ஏறி ஒன்பது பத்து மணிக்குப் பிறகு அவிழ்த்தால் நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கும் ஆபத்து. கோடையில் வெளியெல்லாம் காய்ந்திருக்க, தோட்டக் கிணற்றடியும் இறைப்பு வாய்க்கால் ஓரமும் மட்டும் பச்சையாக இருக்கும். எல்லாருடைய ஆடும் அங்கேதான் போகும், ஆடி ஆவணியிலும் புழு உயிரோடு இருப்பது அங்கேதான். அந்தப் புல்லை அறுத்து, வெயிலில் வாட விட்டு, கொட்டிலில் உயரத்தில் வைத்துக் கொடுங்கள்.

வேப்பங்குழை குடுத்தால் பூச்சி சாகுமோ?

வேப்பங்குழை கொடுங்கள், ஆடு விரும்பித் தின்னும். ஆனால் வெளிறிய கண்ணோடு நிற்கும் ஆட்டுக்கு அதை மருந்தாக நம்பிக் காத்திருக்காதீர்கள்.

குட்டி கழியுது. பூச்சி மருந்து குடுத்தும் நிக்கேல்லை. புழுக்கையிலை அரிசி மாதிரி வெள்ளையாயும் கிடக்கு.

இரண்டும் வேறு வேறு. அரிசி மாதிரி இருப்பது நாடாப்புழுவின் துண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதிகம் கெடுதல் செய்வதில்லை. மூன்று வாரத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டி கழிந்தால் பெரும்பாலும் கொக்சிடியா. அது புழுவே அல்ல, குடற்சுவரைத் தின்னும் ஒற்றைக் கல உயிரி. எந்தப் பூச்சி மருந்துக்கும் அது சாகாது, வேறு மருந்து வேண்டும். கொட்டில் நிலம் ஈரமாக இருந்தால் திரும்பத் திரும்ப வரும். சாம்பல், சுண்ணாம்பு போட்டு நிலத்தைக் காய வையுங்கள். குட்டி காலால் மிதிக்கும் சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டாம்.

ஆடு திடீரெண்டு பின்னங்காலை இழுக்குது. நல்லாத் தின்னுது, காய்ச்சலும் இல்லை. ஆரும் அடிச்சிட்டினமோ?

ஒரு முறை எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தன் கிடாய்க்குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தது. முன்னங்கால் இரண்டும் ஊன்றி நிற்கப் பார்க்கிறது, இடுப்புக்குப் பின்னால் துணி மாதிரித் துவள்கிறது. வாய் குழையை மென்றபடி இருக்கிறது. அடியாக இருக்கலாம், ஆனால் நம் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது செற்றாரியா புழு.

இந்தப் புழுவின் சொந்த வீடு மாட்டின் வயிற்றறை, அதாவது இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே உள்ள இடம். அங்கே அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதன் நுண்குடம்பி மாட்டின் இரத்தத்தில் இருக்கும். மாட்டைக் கடித்த நுளம்பு ஆட்டைக் கடித்தால், பழக்கமில்லாத உடம்புக்குள் வந்த குடம்பி வழி தவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் போய்விடும். குதிரைகளிலும் இதே நோய் வரும். இலங்கையில் குதிரைகளுக்கு வந்த "கும்ரி" என்ற இடுப்பு வாதத்துக்கு இதுதான் காரணம் என்று இன்ஸ், பிள்ளை என்ற இரு ஆய்வாளர்கள் 1955இல் எழுதினார்கள். நம் தீவு செய்த நல்ல ஆராய்ச்சிகளில் ஒன்று அது.

கால் தடுமாறத் தொடங்கிய அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள். மருந்து குடம்பியைக் கொல்லும், அறுந்த நரம்பை ஒட்டாது. அந்தக் குட்டி இரண்டாம் நாளே வந்ததால் பிறகு நடந்தது, கொஞ்சம் சாய்ந்தபடி. மாட்டுக் கொட்டிலையும் ஆட்டுக் கொட்டிலையும் தள்ளிப் போடுங்கள். மாரியில் பின்னேரம் புகை போடுங்கள்.

சினை மறிக்குக் குடுக்கலாமோ? பால் குடிக்கலாமோ?

சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம். குட்டி ஈனும் காலத்தை ஒட்டித் தாயின் எதிர்ப்புப் பலம் குறைந்து புழு முட்டை கூடும். அப்போது கண்ணைத் தவறாமல் பாருங்கள். பால் கறக்கும் ஆட்டுக்கு ஐவர்மெக்டின் வேண்டாம், அது பாலில் நெடுநாள் வரும். மற்ற மருந்துகளுக்கு எத்தனை நாள் பாலை நிறுத்துவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் நம் வீடுகளில் குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கிற பால்.

கண்டுக்குட்டிக்கு எப்ப முதல் மருந்து?

பசுக்கன்று, எருமைக்கன்று இரண்டுக்கும் தாய்ப்பால் வழியாகவே ஒரு உருண்டைப் புழு வரும். இலங்கையில் எருமைக் கன்றுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியபடி, பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் ஒரு தடவை சரியான மருந்து கொடுத்தால் போதும். அது முட்டையிடுமுன் போய்விடும்.

ஆட்டுக்கு மேல் முன்பல் விழுந்திட்டுது. புழுவாலையோ?

ஆட்டுக்கு மேல் முன்பல் பிறப்பிலேயே இல்லை. அந்த இடத்தில் தடித்த முரசுதான் இருக்கும். மாட்டுக்கும் அப்படித்தான்.

ஆடு செத்திட்டுது. வெட்டிப் பார்க்கலாமோ?

திடீரென்று செத்து, மூக்கு, வாய், பின்பக்கம் ஆகியவற்றால் உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் கத்தியை வைக்கவே வேண்டாம், தொடவும் வேண்டாம். அந்திராக்ஸ் மனிதருக்கும் தொற்றும். உடனே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மற்றப்படி வைத்தியரே வெட்டிப் பார்ப்பது நல்லது, அன்றைக்கே கூப்பிட்டால்தான் பயன். வெயிலில் அரை நாள் கிடந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது.

குடலையோ, நீர்க்குமிழ் உள்ள கொழுப்பையோ, ஈரலையோ நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். அந்தக் குமிழ் நாயின் வயிற்றில் நாடாப்புழுவாக வளர்ந்து, முட்டையாகத் திரும்ப உங்கள் முற்றத்துக்கே வரும். ஆழமாகப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுங்கள்.

மிஞ்சி நிற்கும் ஆடுகளின் புழுக்கையை மறுநாள் காலையில் கொண்டுவாருங்கள். நிலத்தில் கிடப்பதைப் பொறுக்காமல், ஆடு போடும்போதே பத்துப் புழுக்கை பிடித்து, ஒவ்வொரு ஆட்டினதையும் தனித்தனிச் சொப்பிங் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி முடிந்து, எந்த ஆடு என்று எழுதுங்கள். வரப் பிந்தினால் பிறிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம்.